வெறும் வயிற்றில் ஒரு கரண்டி

அன்பினால் கொடுக்கப்படும் ஒன்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று நமக்கு ஏன் தோன்றுவதில்லை? போன மழைக்காலத்தில் அப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. அவர் இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அவர் சாப்பிடும் அதே மாத்திரையை எங்கள் ஊரில் இன்னும் பலர் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்ததுபோன்ற ஒரு கண்ணாடிப் புட்டி அவர்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

அப்பா வேலம்பாளையத்தில் சிறிய பவர் டேபிள் தையல் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய நிறுவனங்கள் வெட்டித் தரும் பனியன் துணியைத் தைத்துக் கொடுப்பது அங்கே வேலை. நான் சமூகப்பணி படித்துவிட்டு, அவிநாசி சாலையில் உள்ள ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன். அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்பது தற்செயலாக எடுத்த ஈ.சி.ஜி.யில் தெரியவந்தது. இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. அப்போது ரத்தம் அறையின் மூலையில் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி அங்கிருந்து கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுப்பதற்காக வார்ஃபரின் என்ற மாத்திரையைத் தினமும் சாப்பிடச் சொன்னார்கள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை, உறைவதைத் தாமதப்படுத்துகிறது. எவ்வளவு தாமதம் என்பதை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். அப்பாவைப் பொறுத்தவரை அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தக்கட்டி வரலாம். கூடினால் ரத்தக்கசிவு வரலாம். அப்பா இதைத் தன் தொழிலின் வழியாகப் புரிந்துகொண்டார்.

"மிஷின்ல நூல் டென்ஷன் வெக்கற மாதிரி. இறுக்குனா நூல் அறுந்துரும், லூஸா உட்டா தையல் தொங்கும். அவ்வளவுதானுங்களே?" என்று மருத்துவரிடம் கேட்டார்.

"அவ்வளவுதாங்க ஐயா. ஆனா டென்ஷனை நீங்களாத் திருகக்கூடாது" என்றார் அவர்.

அப்பா திருகவில்லை. ஆனால் வீட்டில் அது தானாகத் திருகிக்கொண்டது.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. முன்பெல்லாம் ஆரஞ்சும் ரொட்டியும் வரும். இப்போது மூலிகைப் பொடியும் லேகியமும் வருகின்றன. அம்மாவின் தம்பியான மாமா மடத்துக்குளத்திலிருந்து ஒரு புட்டி டானிக் கொண்டுவந்தார். இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் வினிகர் ஆகியவற்றைச் சேர்த்து வற்றக் காய்ச்சி, ஆறியபின் தேன் ஊற்றிச் செய்வது. இதய அடைப்பு நீங்கும் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றிவரும் செய்முறை. கூடவே மஞ்சள் கிழங்கில் செய்த மாத்திரை ஒரு டப்பா.

"வெடியால எந்திரிச்சு, வெறும் வயித்துல ஒரு கரண்டி. ஒரு மண்டலம் உடாமக் குடிக்கோணுங்க மச்சான். நடுவுல ஒரு நாள் உட்டாலும் மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்" என்றார் மாமா.

"உங்கக்கா காய்ச்சுனா பாயசமே கசக்கும். இதை எப்படி மாப்ள குடிக்கிறது?" என்றார் அப்பா.

"ஏனுங்க, இத்தன வருசமா என்ற பாயசத்தக் குடிச்சுத்தான் இந்தத் தொப்பை வந்துச்சாக்கும்" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். மாமா கிளம்பும்போது சொன்ன ஒரு வாக்கியம் பின்னால் பலமுறை எனக்கு நினைவுக்கு வந்தது: "இது மருந்தே இல்லீங்க மச்சான். சோத்துல போடறதுதான்."

அந்தப் புட்டி தீர்ந்ததும் அம்மா அடுத்ததைத் தானே காய்ச்சத் தொடங்கினாள்.

சில வாரங்களில் அப்பாவின் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருநீலத் திட்டு தெரிந்தது. டேபிள் முனை இடித்துவிட்டது என்றார். பட்டறையில் யாருக்குத்தான் டேபிள் இடிக்காது? பல் துலக்கும்போது பிரஷில் ரத்தம் இருந்தது. பிரஷ் முரடு என்று மாற்றினோம். அவர் எங்களிடம் சொல்லாத மூன்றாவது அறிகுறி ஒன்றும் இருந்தது. மலம் தார்போலக் கறுத்துப் போயிருந்தது. ஷிப்மெண்ட் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் செரிமானமாகி வெளியேறும்போது அப்படிக் கறுத்துவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஷிப்மெண்ட் முடிவதற்குள், பீஸ் எண்ணிக்கொண்டிருந்த இடத்திலேயே, கண் இருண்டு துணிக்கட்டின்மேல் சாய்ந்தார்.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இளம் மருத்துவர் ஒருவர் கேள்விகளை அடுக்கினார். சர்க்கரை உண்டா, ஏற்கெனவே அறுவை சிகிச்சை உண்டா, ஒவ்வாமை உண்டா. பிறகு, "வார்ஃபரின் தவிர வேற மருந்து ஏதாவது?"

"இல்லீங்க" என்றாள் அம்மா.

"இல்லை" என்றேன் நானும். பொய் சொல்கிறோம் என்ற உணர்வு இருவருக்கும் இல்லை. எங்கள் மனத்தில் அந்தப் புட்டி ஊறுகாய் ஜாடிக்கும் நெய் டப்பாவுக்கும் அருகில் இருந்தது. மாத்திரை டப்பாவுக்கு அருகில் இல்லை.

ஐ.என்.ஆர். ஏழைத் தாண்டியிருந்தது. ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள், பாதியாகக் குறைந்திருந்தது. வார்ஃபரினை நிறுத்தினார்கள். அதன் வேலையை முறிக்க வைட்டமின் கே ஊசி போட்டார்கள். உறைவதற்கான சத்துகள் உள்ள மஞ்சள் நிறத் திரவமான பிளாஸ்மாவையும் ரத்தத்தையும் ஏற்றினார்கள். ரத்தம் கொடுக்கப் பட்டறை ஆட்கள் மூவர் கையில் ஒட்டிய நூல் பிசிறோடு அப்படியே வந்து நின்றார்கள். மறுநாள் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். வாய் வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கி வயிற்றைப் பார்ப்பது அது. காத்திருப்பு அறையில் என் வயதுப் பெண்ணொருத்தி கைப்பேசியில் தன் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் அந்தக் குழந்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறியது. கதவு திறக்கும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வயிற்றில் ஒரு சிறிய புண். அதிலிருந்து மெல்லக் கசிகிறது. கவலைப்படும் அளவுக்குப் பெரியதில்லை என்றார்கள். ஐ.என்.ஆர். எண் இறங்கிவிட்டது, இனிக் கசிவு தானாக நின்றுவிடும் என்று அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் மஞ்சள் காமாலையோடு ஒருவர் இருந்தார். அவர் மனைவி எஸ்தர் அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். முதல் நாளே அம்மாவுக்கும் அவருக்கும் நட்பாகிவிட்டது. ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் இரண்டு நோயாளிகளையும் பார்த்துக்கொண்டார். எங்கள் சுடுதண்ணீர்க் குடுவை அவர்கள் கட்டிலில் இருந்தது. அவர்கள் போர்வை அப்பாவின் காலில் இருந்தது. ஊசி போட நர்ஸ் வரும்போதெல்லாம் "இது எத்தனை ரூபா கண்ணு?" என்று அப்பா கேட்பார். "உங்களுக்கு ஃப்ரீ தாத்தா" என்று அவரும் சலிக்காமல் சொல்வார்.

ஆனால் ஹீமோகுளோபின் நிற்கவில்லை. எண் இறங்கிய பிறகும் அது சரிந்தது. ஈறில் மறுபடி ரத்தம் தெரிந்தது. ஊசி குத்திய இடங்களெல்லாம் நீலம் பாரித்தன. வார்டுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர் பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மறுபடி ரத்தம் ஏற்ற வேண்டும், மறுபடி எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்து என்னிடம் மட்டும் கூடுதலாகச் சொன்னார்: "கசிவு நிக்கிற வரைக்கும் வார்ஃபரின் குடுக்க முடியாது. குடுக்காத ஒவ்வொரு நாளும் பக்கவாதத்துக்கு இடம் விடறோம். காரணம் தெரியாம ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது எனக்குப் பிடிக்கலம்மா."

இரண்டு பக்கமும் பள்ளம். அப்பாவோ எதுவும் தெரியாமல், துணிக்காரர் போன் செய்தாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். நான் கட்டிலடியில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்கா எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சுருக்கினார்.

"ஏக்கா, தினமும் காலைல இந்நேரத்துக்குப் பூண்டு வாட வருதே, எங்க இருந்துக்கா? ஆஸ்பத்திரி கேன்டீன்ல காலைலேயே மீன் கொழம்பா வைக்கான்?"

"மீனும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. இவருக்கு டானிக் குடுத்தேன்" என்றாள் அம்மா. கையில் எவர்சில்வர் டப்பா, மறுகையில் கரண்டி. அப்பா முகத்தைச் சுளித்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிலயுமாக்கா?"

"இன்னும் பத்து நாளு குடிச்சா மண்டலம் முடிஞ்சிரும். நடுவுல உட்டா அத்தனையும் வீணாப் போயிருமுங்க."

நான் சுருட்டிய பாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அம்மா எதையும் ஒளிக்கவில்லை. நர்ஸ் வந்து போவதற்கு முன் கொடுத்ததற்குக் காரணம், அது வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டியது என்பது மட்டும்தான். அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்ததை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். துணி சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்திருந்தேன்.

மூத்த மருத்துவர் வந்ததும் டப்பாவை அவரிடம் காட்டினேன். திறந்து முகர்ந்தவர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதுல என்னம்மா சேத்திருக்கீங்க?"

அம்மா சொன்னாள். கூடவே கொடுக்கும் மஞ்சள் மாத்திரையையும் சொன்னாள்.

"ஒரு டம்ளர் பூண்டுச் சாறு வரணும்னா எவ்வளவு பூண்டு உரிக்கணும்?"

"நகக்கண்ணெல்லாம் எரியற அளவுக்குங்க."

மருத்துவர் அம்மாவின் விரல்களைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "நீங்க மடத்துக்குளத்துப் பக்கம்னு சொன்னீங்கல்ல ஐயா? வாய்க்கால் உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"மொதல்ல மண்ணு மூட்டையப் போடுவோம். பொறவு களிமண்ணு வெச்சுப் பூசுவோம்."

"ரத்தக்குழாய்லயும் அதேதான். தட்டணுக்கள்னு ரத்தத்துல இருக்கு. அதுக ஓடி வந்து ஓட்டைய அடைக்கிறது மண்ணு மூட்டை. அப்புறம் ரத்தம் உறையறது களிமண்ணு. வார்ஃபரின் களிமண்ணைத் தடுக்குது. ஐ.என்.ஆர். அதை மட்டுந்தான் அளக்கும். பூண்டு, இஞ்சி, மஞ்சள் இதெல்லாம் இவ்வளவு கெட்டியா உள்ள போனா சில பேருக்கு மண்ணு மூட்டையத் தடுக்கும். அது இந்த எண்ணுல தெரியாது. வார்ஃபரினோட வேகத்தையும் சில பேருக்குக் கூட்டிரும். அதுக்கு மேல, புண்ணு இருக்கிற வயித்துல எலுமிச்சையும் வினிகரும்."

"பூண்டு நாங்க ரசத்துல போடறதுதானுங்களே" என்றார் அப்பா.

"ரசத்துல போடுங்க. ரெண்டு பல்லுக்கு யாரும் பயப்பட வேண்டாம். இது ரசம் இல்லீங்க ஐயா." டப்பாவை மூடிவிட்டு, "இதுதான் முழுக் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறுத்திப் பார்ப்போம். ரத்தம் சொல்லும்" என்றார்.

டானிக்கும் மஞ்சள் மாத்திரையும் நின்றன. ரத்தம் சொன்னது. சில நாட்களில் ஈறு காய்ந்தது, ஹீமோகுளோபின் நின்ற இடத்தில் நின்றது, பிறகு ஏறத் தொடங்கியது. இரண்டாவது எண்டோஸ்கோப்பி தேவைப்படவில்லை.

அம்மா அதன்பின் சரியாகச் சாப்பிடவில்லை. எஸ்தர் அக்கா கொண்டுவந்த இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே, "நானே என்ற கையால குடுத்தனே அம்மிணி" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை நான் மிகவும் யோசித்தேன். படிக்காமல் கைப்பேசியை நம்பினாய் என்று சொல்வது எளிது. ஆனால் அப்படிச் சொன்னால் அவள் கொடுப்பதை நிறுத்தமாட்டாள், எங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவாள். அடுத்த முறை டப்பா திறந்திருக்காது. அதைவிட, அது நியாயமும் இல்லை. மருத்துவமனை அவளிடம் கேட்டது மருந்தைப் பற்றி; அவள் அதற்கு உண்மையான பதிலையே சொன்னாள். "நீ இங்கேயும் கொண்டுவந்து குடுத்ததாலதாம்மா கண்டுபிடிச்சோம். ஊட்டோட உட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. அதுதான் நடந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் அப்பா. வார்ஃபரினை மறுபடி தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று அவர் மாத்திரையை வாங்க மறுத்துவிட்டார்.

"ரத்தம் வரும்னு சீட்டுலயே போட்டிருக்கிறது இந்த மாத்திரைக்குத்தான். பூண்டுக்கா போட்டிருக்கு? ரெண்டுல ஒண்ண நிறுத்தோணும்னா இதைத்தான் நிறுத்தோணும் கண்ணு."

அவர் வாதத்தில் ஒரு நேர்மை இருந்ததால்தான் எனக்கு அச்சமாக இருந்தது. அவர் இதை மாமாவுக்காகவும் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. மாத்திரை காரணமில்லை என்றால் மாமா கொடுத்தது காரணமாகிவிடும். மச்சினன் தனக்கு நோயைக் கொடுத்தான் என்று ஊரில் பேச்சு வருவதைவிடப் பக்கவாதம் பரவாயில்லை என்று நினைக்கக்கூடியவர் அப்பா. அன்று காலை அந்த மாத்திரை காகிதக் கிண்ணத்தில் அப்படியே கிடந்தது.

மாலையில் மாமாவே வந்தார். பைக்குள் புதுப் புட்டி. "ஆஸ்பத்திரிச் சோறு தின்னு ரத்தம் குறைஞ்சு போச்சுன்னு அன்னைக்கு அக்கா போன்ல சொல்லுச்சு. இந்தத் தடவை பூண்டைக் கொஞ்சம் சேத்திப் போட்டிருக்கறனுங்க மச்சான்" என்று மேசைமேல் வைத்தார்.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எஸ்தர் அக்கா எதிர்ப்பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். நான் தட்டணு, ஐ.என்.ஆர். என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். அப்பா கையை லேசாக உயர்த்தினார்.

"மாப்ள, நீ ரத்தம் இளக்கற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறயா?"

"இல்லீங்களே. எனக்கு எதுக்கு?"

"அதான். உனக்கு ஒத்துக்கிச்சு. எனக்கு அந்த மாத்திரையும் இதும் ஒண்ணாச் சேந்து ஒத்துக்கல. வவுத்துல ரத்தம் வந்துருச்சு."

மாமாவின் முகம் வெளிறியது. "இதுனாலயா மச்சான்?"

"இதுனாலயும் இல்ல, அதுனாலயும் இல்ல. ரெண்டும் சேந்ததுனால. சம்பந்தம் பண்றப்ப ரெண்டு ஊடும் நல்ல ஊடாத்தான் இருக்கும், பேச்சுவார்த்தைல ஒத்துக்காமப் போறதில்லையா? அதுக்கு யாரக் குத்தம் சொல்றது?" என்று அப்பா சிரித்தார். "உங்கக்காளுக்கும் எனக்கும் மட்டும் எப்படியோ ஒத்துப்போச்சு."

"ஆமா, பாயசம் கசந்தாலும்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாமா புட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தார். "டாக்டரு என்ன சொல்றாரோ அதை மட்டும் சாப்பிடுங்க மச்சான். நான் இனிமே கேட்டுட்டுத்தான் கொண்டாருவேன்" என்றார். அவர் முன்னாலேயே அப்பா காகிதக் கிண்ணத்தை எடுத்து, அந்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மாமாவைக் குற்றவாளி ஆக்காத ஒரு சொல் கிடைத்துவிட்டதால், மாத்திரையைக் குற்றவாளி ஆக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போயிற்று.

நாட்டு மருந்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அதில் வீரியம் இருக்கிறது. வீரியம் இருப்பதால்தான் இன்னொரு மருந்தோடு மோதுகிறது. பக்கவிளைவே இல்லாதது என்று சொல்வது அதற்குப் பெருமை சேர்ப்பதாகாது. வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகளையோ லேகியத்தையோ தொடங்கும் முன்பும், நிறுத்தும் முன்பும்கூட, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திடீரெனக் கீரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் எண் மாறும். கருநீலத் திட்டு, ஈறில் ரத்தம், கறுத்த மலம், இவற்றில் எதைக் கண்டாலும் ஷிப்மெண்ட் முடியக் காத்திருக்கக்கூடாது.

அப்பா பட்டறைக்குத் திரும்பிவிட்டார். வார்ஃபரினைத் தொடர்கிறார், ஐ.என்.ஆர். எல்லைக்குள் நிற்கிறது. பரிசோதனைக்குப் போகும் நாளில் அம்மாவும் கூடப் போகிறாள். மருத்துவர் கேட்பதற்கு முன்பே, அந்த மாதம் வீட்டுக்கு வந்த பொடியையும் தைலத்தையும் அவளே மேசைமேல் எடுத்து வைக்கிறாள்.

எங்கள் நிறுவனத்தின் மருத்துவ முகாமில் முன்பு, "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்போம். அநேகமாக எல்லோரும் இல்லை என்பார்கள். இப்போது, "காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் என்ன சாப்பிடுகிறீர்கள்? யார் கொடுத்தது?" என்று கேட்கிறோம். பதில் வருகிறது.